ஏட்டையா குதிரையிலிருந்து விழுந்த கதை

கடலோர ஊர் ஒன்றில், கை கால் வசப்படாத பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி வைத்தியம் பார்த்துவந்தார் பவளக்கொடி. இயன்முறை மருத்துவர். குதிரை நடக்க நடக்க, மேலே இருக்கும் பிள்ளையின் இடுப்பும் தானே நடப்பதுபோல அசைந்து கொடுக்கும். நடந்தே அறியாத உடம்புக்கு, நடை என்பது இப்படித்தான் என்று குதிரை சொல்லிக்கொடுக்கும். வைத்தியம் அவ்வளவுதான்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தார் இருதயராஜ். குதிரைப்படை போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டரம்மாவுக்கு அப்பா வயது.

"குதிரையை எனக்குத் தெரியும். பிள்ளைங்களைத்தான் தெரியாது. சொல்லிக்கொடுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

குதிரையின் வலப்பக்கம் பிள்ளையைப் பிடித்தபடி நடப்பது அவர் வேலை. இடப்பக்கம் டாக்டரம்மா, தேவைப்பட்டால் மட்டும் கை கொடுப்பார். லாயத்துச் சிங்காரம் முன்னால் கயிற்றைப் பிடிப்பான். நடுவே, கருப்பட்டி என்கிற மட்டக்குதிரையின் முதுகில், ஏழு வயது நஸ்ரின்.

நஸ்ரினுக்கு வாய் கொஞ்சம் அதிகம். முதுகுதான் நிற்காது. கோடை விடுமுறை முடிந்ததும், பெஞ்சில் சாயாமல் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அம்மா மும்தாஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏறி வந்தாள்.

ஏட்டையா கண்ணை இமை காப்பதுபோல அவளைக் காத்தார். ஒரு நாள்கூட விரற்கடை சரியவிட்டதில்லை. ஆனாலும் பிள்ளை சாய்ந்தாள். எப்போதும் வலப்பக்கமே சாய்ந்தாள். குதிரை முதுகில் விரித்த கம்பளி மேடுபள்ளமாக இருக்கிறதோ என்று மாற்றிப் பார்த்தார். ஒரு பக்க லாடம் தேய்ந்திருக்கிறதோ என்று கருப்பட்டியின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. விடுமுறையோ முடியப்போகிறது.

ஒரு நாள் காலையில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, குதிரை நடையில குத்தமில்லை. நானும் உடும்புப் பிடியாத்தான் பிடிக்கிறேன். அப்புறம் ஏன் இந்தப் பிள்ளை நிமிரமாட்டேங்குது?"

"நீங்க ஏறுங்க, ஏட்டையா."

"எதுல?"

"கருப்பட்டி மேல."

சிங்காரம் சிரித்தான். "கருப்பட்டி என்ன பாவம் பண்ணுச்சு டாக்டரம்மா?"

சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடி இல்லை. பிள்ளைகள் உட்காரும் அதே கம்பளி மட்டும். டாக்டரம்மா அவருக்குத் தலைக்கவசத்தை மாட்டினார். கண்ணைத் துணியால் கட்டினார். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? நான் குதிரைமேல தூங்கிக்கிட்டே ரோந்து போனவன்."

"இன்னைக்கு முழிச்சுக்கிட்டே போங்க."

டாக்டரம்மா வலப்பக்கம் வந்தார். ஏட்டையாவின் இடுப்பையும் தொடையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தினமும் ஏட்டையா நஸ்ரினைப் பிடிப்பாரே, அதே பிடி.

கருப்பட்டி வழக்கமான வட்டத்தில் நடந்தது. காலடியில் மணல் சரசரத்தது. முதலில் அந்தக் கை ஏட்டையாவுக்கு உறுத்தலாக இருந்தது. பாதி வட்டத்துக்குள் உறுத்தல் போயிற்று. அப்புறம் அப்படி ஒரு கை இருப்பதே மறந்துபோயிற்று. இளவெயில் முகத்தில் இதமாக விழுந்தது.

"நேரா உட்கார்ந்திருக்கீங்களா?"

"சந்தேகம்னா கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கம்மா."

வட்டத்துக்கு வெளியே சக்கர நாற்காலியிலிருந்து நஸ்ரின் கத்தினாள். "பொய்! தாத்தா சாயுறாரு! டாக்டர் மேலயே படுத்துட்டாரு!"

"போடி வாயாடி" என்றார் ஏட்டையா.

வட்டம் முடிகிற இடத்தில் டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்தார். விலகி நின்றார்.

ஏட்டையா விழுந்தார்.

அவிழ்ந்த மூட்டை சரிவதுபோல, தோள்பட்டை மணலில் புதைய விழுந்தார். கருப்பட்டி நின்று திரும்பிப் பார்த்தது. சிங்காரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கண்கட்டை அவிழ்த்தார். குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றபோது விழாதவர். கூட்டம் கல்லெறிந்தபோது விழாதவர். சும்மா நடந்துகொண்டிருந்த மட்டக்குதிரையிலிருந்து விழுந்து, மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தார்.

"சொல்லாம கையை எடுத்துட்டீங்களே!" என்றார்.

டாக்டரம்மா அவர் தோளை அழுத்திப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை.

"நஸ்ரினை ஏத்துவோம்" என்றார்.

ஏற்றினார்கள். ஏட்டையா தன் இடத்துக்கு வந்து நின்றார். வழக்கம்போல அவர் கை பிள்ளையின் இடுப்புக்குப் போயிற்று. தொடப்போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"தாத்தா, பிடிக்கலையா?"

"இங்கேதான் கண்ணு நிக்கிறேன்."

கருப்பட்டி அடியெடுத்து வைத்தது. நஸ்ரின் வழக்கமான பக்கம் சாய்ந்தாள். அங்கே கை இல்லை. அவள் கண்கள் பெரிதாயின.

"யா அல்லாஹ்!" மும்தாஜ் எழுந்துவிட்டாள்.

ஏட்டையா கையை விலக்கியே வைத்துக்கொண்டு நடந்தார். பிள்ளையின் முதுகு காற்றில் அகப்பட்ட நாற்றுபோல ஆடியது. பிறகு, யாரும் தொடாமல், மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது.

நடுவில் நின்றது.

பாதி வட்டம் வரைக்கும் நின்றது. அங்கே அவள் இடப்பக்கம் சரிய, டாக்டரம்மாவின் கை தாங்கிக்கொண்டது.

"நான் இந்தப் பக்கம் விழுந்ததே இல்லை!" என்று நஸ்ரின் கூவினாள்.

சிங்காரம் குதிரையை நிறுத்தினான். மும்தாஜ் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏட்டையாவுக்கு மட்டும் திகைப்பு அடங்கவில்லை.

"டாக்டரம்மா, பிள்ளை உட்கார்ந்துட்டா. சரி. நான் எப்படி விழுந்தேன்? சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட விழுந்ததில்லையே."

டாக்டரம்மா குனிந்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"சர்வீஸ் முழுக்க உங்களை யாரும் பிடிச்சதில்லை, ஏட்டையா. நான் ஒரே ஒரு சுத்துதான் பிடிச்சேன்."