பூவரசி வீட்டு வைஃபை

ஆம்பல் குளத்துக் கோரைப்புதருக்குள் பூவரசி என்ற நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை, நாலு முட்டை இட்டிருந்தது. இரை தேடப் போனாலும் முட்டைமேல் ஒரு கண் இருக்கணுமே! கூட்டில் வைஃபை பெட்டியும் குட்டிக் கேமராவும் வைத்து, போனிலேயே காவல் காத்தது.

முட்டை பார்க்க வந்தது குண்டுமணித் தவளை. வந்ததும் வராததுமாக, "அக்கா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றது.

வீடு தேடி வந்தவரிடம் எப்படி மறுப்பது? "தாமரை நூத்தெட்டு" என்று காதோடு சொன்னது பூவரசி. "யார்கிட்டயும் சொல்லிடாதே!"

"சொல்வேனா? என்னக்கா நீ!"

குண்டுமணி யாரிடமும் சொல்லவில்லைதான். மறந்துவிடக் கூடாதே என்று சாயங்காலம் முழுக்க வாய்விட்டு மனப்பாடம் செய்தது. "தாமரை நூத்தெட்டு! தாமரை நூத்தெட்டு!" குளமே அதிர்ந்தது!

மறுநாள் பூவரசியும் கணவன் கருப்பனும் பாசி கொத்திக்கொண்டிருந்தன. அக்கரையில் போனைப் பார்த்தபடி வெயில் காய்ந்த சாரைப்பாம்பு வாய் சும்மா இருக்காமல் கத்தியது.

"பூவரசி! மூணாவது முட்டையில கீறல் விட்டிருக்கே! குஞ்சு வரப்போகுதா?"

பூவரசி கொத்திய பாசியை அப்படியே விட்டது. கோரைக்குள் இருக்கும் முட்டை இதுக்கு எப்படித் தெரியும்?

"ஐயோ, என்னங்க! நம்ம கேமராவிலதான் பாம்பு பார்க்குது!"

"பாஸ்வேர்டை மாத்து, சீக்கிரம்!"

"மாத்தினா, நாளைக்குக் குண்டுமணி வந்து கேட்கும். நானும் சொல்லித் தொலைப்பேன்! இனிமே பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஆகாது. உங்க போன், என் போன், கேமரா. நான் அனுமதிச்ச இந்த மூணுதான் நுழையும்!" டக் டக்கென்று அலகால் போனைத் தட்டியது. "முங்கு நீச்சல்ல கூட்டுக்கு ஓடுங்க!"

சாரையின் போனில் படம் அப்படியே உறைந்து நின்றது. ஆளில்லாத கூடு, நாலு முட்டை!

"ஆகா! இன்னும் யாருமே வரலை!"

சரசரவென்று நீந்தி வந்து, கோரையை விலக்கித் தலையை நீட்டியது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!" கருப்பன் நடுமண்டையில் போட்டது ஒரு கொத்து! வாலில் பூவரசி இன்னொரு கொத்து! சாரை போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் குண்டுமணி தத்தி வந்தது. "அக்கா, நெட்டு வரலையே!"

"வராதுடா தம்பி. நீ எப்ப வேணா வா, உட்காரு, சாப்பிடு. வைஃபை மட்டும் கேட்காதே!" பூவரசி முதல் தடவையாக மறுத்தது. குண்டுமணி கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டது!

வீட்டு வைஃபைக்குள் எது நுழையலாம் என்று வீட்டுக்காரரே பார்த்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். முகத்தாட்சண்யத்துக்காகத் திறந்த கதவு பாம்புக்கும் திறந்தே கிடக்கும்.