காவல் பாறையில் ஒரு கூழாங்கல்

"ஆறு அசையலாம், காவல் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முன்னொரு காலத்தில் ஒரு கிழட்டு நீர்நாய் இருமிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னது. அந்த மிச்சம் யாருக்கும் நினைவில்லை. நினைவில் நின்ற பாதியே மடுவின் சட்டமாகிவிட்டது.

மலையடிவாரத்தில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அந்த மடு இருந்தது. அதில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. எதிர்க்கரை மணலில் ஒரு முதலையும் வாழ்ந்தது. அதனால் கூட்டம் மீன் பிடிக்கும்போதெல்லாம் ஒருவர் காவல் பாறைமேல் உட்கார வேண்டும். முதலை கண்ணில் பட்டால் சீழ்க்கை அடிக்க வேண்டும். அதுவரை வாலைக்கூட ஆட்டக் கூடாது.

கூட்டத்தின் தலைவன் துடுப்பன். பரந்த வால், தடித்த கழுத்து, அதட்டும் குரல். காவலுக்கு ஏறுகிறவள் அவன் தங்கை மகள் சிலும்பி. தலைவனுக்குத் தலைவலியே அவள்தான்.

பாறைமேல் ஏறியதும் சிலும்பிக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊருவது போலிருக்கும். அசையாமல் உட்கார உட்கார நெஞ்சு படபடக்கும். மிதந்து வரும் கட்டை முதலையாகத் தெரியும். சுழித்து வரும் நுரையும் முதலையாகத் தெரியும். உடனே சீழ்க்கை! எல்லோரும் பிடித்த மீனைப் போட்டுவிட்டுக் கரைக்குப் பாய்வார்கள். வந்தது ஒரு பனைமட்டையாக இருக்கும்.

"என் கெளுத்தி போச்சே!" என்று கத்தினாள் குட்டிகளின் தாய். "நேத்து கட்டை, இன்னைக்கு மட்டை. நாளைக்குத் தன் மீசையைப் பார்த்தே ஊதுவா இவ!"

மருதமரக் கிளையிலிருந்து மீன்கொத்தி சிரித்தது. "ஊதட்டும், ஊதட்டும்! நீங்க ஓடினா மடு முழுக்க எனக்குத்தான்!"

துடுப்பன் சிரிக்கவில்லை. குட்டிகளின் விலா எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது.

"சிலும்பி, இன்னொரு பொய்ச் சீழ்க்கை கேட்டா நீ இந்த மடுவுல இருக்க முடியாது."

"எங்கே போவேன் மாமா?"

"அது எனக்குத் தெரியாது" என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் சீழ்க்கையே கேட்கவில்லை. கட்டைகள் வந்தன, போயின. நுரை வந்தது, போயிற்று. குட்டிகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் தண்ணீரில் மல்லாந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. துடுப்பனுக்கு மனம் குளிர்ந்தது.

மீன்கொத்திக்குத்தான் பொறுக்கவில்லை. "தலைவரே, உங்க காவல்காரி மேலே கோலி விளையாடுறா. தெரியுமா?"

துடுப்பன் ஓசைப்படாமல் பாறையின் பின்பக்கமாக ஏறினான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சிலும்பியின் கைகளில் ஒரு கூழாங்கல். வலது உள்ளங்கையிலிருந்து இடதுக்குப் போனது. அங்கிருந்து மார்பில் ஏறி, கழுத்தடியில் ஒரு சுற்று சுற்றி, மறுபடி கைக்கே வந்தது. ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

"உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நாங்க கீழே மீன் பிடிக்கிறோம்! உனக்கு விளையாட்டா?"

"விளையாட்டில்லை மாமா! கை சும்மா இருந்தா மனசு ஓடிக்கிட்டே இருக்கு. கைக்கு ஒரு வேலை கொடுத்தா அது ஒரு இடத்துல உட்காருது."

"கல்லைப் பார்ப்பியா, ஆத்தைப் பார்ப்பியா?"

"அதனாலதான் இந்தக் கல்லை எடுத்தேன். பளபளன்னு இருந்தா கண்ணு அதுமேல போயிடும். இது சாம்பல் நிறம். இதுல பார்க்க ஒண்ணுமே இல்லை."

நல்ல பதில்தான். ஆனால் துடுப்பனின் காதில் சட்டம் மட்டுமே கேட்டது. கல்லைப் பிடுங்கிக்கொண்டான். "கீழே இறங்கு. குட்டிகளைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு, வெயில் சாயறதுக்குள்ள கிளம்பிடு."

சிலும்பி அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். பாறை காலியானது. வேறு வழியில்லாமல் தலைவனே அதில் உட்கார்ந்தான்.

அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. தலைவனானது முதல் அவன் அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் ஒருவரை ஏவி அனுப்பிவிடுவான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

உட்கார்ந்த சற்று நேரத்தில் அது வந்தது. நெஞ்சு படபடத்தது. காது அடைத்தது. ஒரு கட்டை வந்தது. முதலை! இல்லை, கட்டை. நுரை வந்தது. முதலை! சீழ்க்கை உதடுவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினான். தலைவனே பொய்யாக ஊதினால் என்ன ஆகும்?

பிடுங்கிய கல் கைக்குள்ளேயே இருந்தது. அது எப்போது உருளத் தொடங்கியது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனது. வழவழப்பு, கனம், ஓரத்தில் ஒரு சின்னக் குழி. மறுபடி அதே வழவழப்பு, அதே கனம், அதே குழி. நெஞ்சின் படபடப்பு அந்தக் கல்லின் நடைக்கு வந்து சேர்ந்தது. மூச்சு இறங்கியது.

அப்போது அவனுக்கு ஆறு தெரிந்தது.

இத்தனை காலம் பார்த்த ஆறுதான். ஆனாலும் முதல் முறையாகப் பார்ப்பது போலிருந்தது. நுரை தனியாக, நுரையின் நிழல் தனியாக. மருத இலைகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில். அடியில் திரும்பும் ஒரு கெண்டையின் வெள்ளி விலா. எதிர்க்கரைப் பச்சை தண்ணீரில் உடைவதும் சேர்வதும். இவ்வளவுமா இங்கே இருந்தது! துடுப்பன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பயம் எங்கும் போய்விடவில்லை, பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கண்ணை மறைக்கவில்லை.

எல்லா இலைகளும் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு இலை மட்டும் வரவில்லை.

ஓடும் தண்ணீரின் நடுவே அந்த இலை நின்றது. அதன் இரு பக்கமும் இரண்டு மேடுகள். மேடுகளில் கண்கள். அவற்றுக்கு நேர் எதிரே ஆழமில்லாத நீரில் குட்டிகள், குட்டிகளைக் கட்டிக்கொண்டு சிலும்பி.

துடுப்பன் ஊதினான். மடுவே நடுங்கியது.

சிலும்பி ஒரு குட்டியை வாயில் கவ்வி, மற்றதை முட்டித் தள்ளிக்கொண்டு கரையில் விழுந்தாள். தாடைகள் மோதிய சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. வாயில் தண்ணீரோடு முதலை மேலே பார்த்தது.

"எவண்டா பார்த்தது? கல்லு உருட்டுறவ இறங்கிட்டான்னுதானே வந்தேன்! இந்த ரெண்டு நாளா ஒரு முழம்கூட நகர முடியலை. அதுக்கு முன்னாடி நெளிஞ்சுக்கிட்டே கத்தினப்போ அவளுக்குக் கட்டையும் நானும் ஒண்ணு. அவளுக்கு முன்னால அசையாம உட்கார்ந்திருந்தவங்களோ பாதிப் பேர் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவாங்க. அவங்ககிட்ட எனக்கு என்ன பயம்!"

சொல்லிவிட்டு மணலுக்குத் திரும்பிப் போனது.

கூட்டம் முழுவதும் பாறையை அண்ணாந்து பார்த்தது. தலைவனின் கையில் கல் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. குட்டிகள் மூச்சுவிடவும் மறந்து அதையே பார்த்தன.

"அட, தலைவரும் கோலியா!" என்றது மீன்கொத்தி.

யாரும் சிரிக்கவில்லை. துடுப்பன் கல்லை மறைத்திருக்கலாம். கீழே போட்டிருக்கலாம். அவன் சிலும்பியை மேலே கூப்பிட்டான். எல்லோரும் பார்க்க, கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மாமா, அப்போ நீங்களுமா...?"

"ஆமா, நானும்தான்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "இன்றிலிருந்து காவலுக்கு ஏறுகிறவரின் கை என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம், கண் விழித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்."