பரோட்டா மாஸ்டர் கழற்றிய காவல்

"டீச்சர், இந்தக் காவலை அடியோட கழத்தி எறிஞ்சிருங்க" என்றான் பேச்சிமுத்து.

கைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கி வந்த கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் இறக்கினான்.

ஜெசிந்தா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் காவலு?"

"அதான், வைரஸ் வராம பாத்துக்கிடுதேன்னு உள்ள உக்காந்திருக்குமே, அது. பிறகு வெளியாளை மறிக்குற அந்த ஃபயர்வால். ரெண்டும் சேந்து என் வேகத்தைத் தின்னுது."

"யாரு சொன்னா?"

"வீடியோல ஒருத்தன் சொன்னான். ரிஸ்வானும் சொன்னான்."

பேச்சிமுத்து பரோட்டா மாஸ்டர். பகலில் கல்லுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் உட்கார்ந்து கோட்டைச் சண்டை ஆடுவான். ஐந்து பேர் ஒரு கோட்டையைக் காத்துக்கொண்டே எதிரியின் கோட்டையைப் பிடிக்கிற ஆன்லைன் விளையாட்டு. அணியில் மற்ற நால்வரும் காலேஜில் படிக்கிறவர்கள். ரிஸ்வான்தான் தலைவன். மாவு வீசிப் பழகிய கை, பேச்சிமுத்துவுக்குக் குறி தப்பாது. ஆனால் நல்ல நேரம் பார்த்துப் படம் திக்கித் திக்கி நின்றுவிடும்.

இன்று சாயங்காலம் இறுதிப் போட்டி. கடைக்கு விடுப்புச் சொல்லியிருந்தான்.

"இன்னைக்கும் திக்கினா வேற ஆளு ரெடியா இருக்கான் மாமான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான் டீச்சர். 'ஸ்லோமோஷன் மாமா'ன்னு பேரே வச்சிட்டானுவ."

டீச்சர் சிரிக்கவில்லை. வயதில் அவனைவிடச் சின்னவர்தான். ஆனாலும் இந்த மாடிக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவனுக்கு மவுசைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அதனால் அவனுக்கு அவர் டீச்சர். அவருக்கு அவன் அண்ணன்.

"சரிண்ணே. கழத்திருவோம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவன் நினைக்கவே இல்லை.

டீச்சர் மானிட்டரை மாட்டினார். இணைய வயரைச் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

திரை வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"கழத்தறதுக்கு என்ன இருக்கு? இங்க காவலே இல்லையே."

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "காலையில நானே ஆஃப் பண்ணிட்டேன்."

"வேகம் கூடிச்சா?"

"கூடல. அதான் வேரோட பிடுங்கணுமோன்னு…"

டீச்சர் திரையில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன, 'சூறாவளி'?"

"வேகமூட்டி டீச்சர். ரிஸ்வான் எங்கேயோ பாத்து லிங்க் அனுப்பினான். காவல் முழிச்சிருந்தா அது உள்ள வராதாம். முதல்ல காவலை நிறுத்துங்கன்னு அதுலயே எழுதியிருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகு அந்தப் பேச்சு அவன் காதுக்கே ஒரு மாதிரி இருந்தது.

டீச்சர் இணைய வயரைப் பிடுங்கினார்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

*

எடுத்துப் பார்த்தான். கோட்டைச் சண்டையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. உங்கள் கணக்கில் நுழைவதற்கான எண் இது என்று போட்டிருந்தது.

"நீங்க கேட்டீங்களா?"

"நான் இங்கதான நிக்கேன்!"

மறுபடியும் சிணுங்கியது. இன்னொரு எண்.

"யாரோ உங்க பாஸ்வேர்டைப் போட்டுப் பாக்குறாங்க" என்றார் டீச்சர். "பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு. அந்த நம்பர் இல்லாம வாசல்ல நிக்கிறாங்க."

அந்தக் கணக்குதான் போட்டியில் பதிவானது. அது போனால் ரிஸ்வான் ஆளை மாற்ற வேண்டியதே இல்லை. பேச்சிமுத்து என்று ஓர் ஆளே அணியில் இருக்க மாட்டான்.

"இந்த நம்பர் கேக்குற தொல்லையையும் கழத்தத்தான் பாத்தேன் டீச்சர். எப்படின்னு தெரியல."

"நல்லவேளை, நான் அதைச் சொல்லித் தரல."

இப்போது போன் மணியே அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம்ணே" என்றது ஒரு குரல். வெல்லப்பாகு மாதிரி இருந்தது. "போட்டி நடத்துற எடத்துல இருந்து பேசுதோம். உங்க பேரை உறுதி பண்ணணும். இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க. இல்லன்னா உங்களை எடுத்துருவாங்க."

பேச்சிமுத்து டீச்சரைப் பார்த்தான்.

டீச்சர் அவனைப் பார்த்தார். தலையை ஆட்டவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை.

"அண்ணே, சீக்கிரம். நேரமில்ல."

எண் வாய்வரை வந்துவிட்டது.

"நம்பர் கெடக்கட்டும் தம்பி. உங்களுக்கு எத்தனை பரோட்டா, சால்னா தனியா வேணுமா?"

அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. இணைப்பு அறுந்தது.

"பாஸ்வேர்டை மாத்துங்க" என்றார் டீச்சர்.

அவன் பாய்ந்துபோய் தன் கீபோர்டில் கை வைத்தான். டீச்சர் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அதுலயா? அந்தச் சூறாவளி நீங்க அடிக்கிறதைப் படிச்சிக்கிட்டு இருக்கு."

தன் போனை நீட்டினார். பேச்சிமுத்து அதில் புதுச் சொல்லை அடித்தான். அவசரத்தில் தப்பாகிவிட்டது. மறுபடி அடித்தான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இடையில் அவன் போன் இன்னொரு முறை சிணுங்கியது.

மாறிவிட்டது.

'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று' என்ற இடத்தை டீச்சர் காட்டினார். கல்லில் ஒட்டிய பரோட்டாவை அமுக்குவது போல அதை அமுக்கினான்.

போன் அடங்கியது.

ரிஸ்வானைக் கூப்பிட்டு, "எல்லாரும் அந்தச் சூறாவளியைத் தூக்கி வெளிய போடுங்கல, பாஸ்வேர்டை வேற போன்ல மாத்துங்க" என்று கத்தினான்.

*

"பெட்டியை முழுசா துடைச்சிட்டுப் புதுசாத்தான் ஏத்தணும்" என்றார் டீச்சர்.

"நேரம்?"

"இருக்கிற நேரம்தான்."

ஏற்றினார். காவலைப் போட்டார். ஃபயர்வாலைப் போட்டார். இணைய வயரை மறுபடி செருகினார். படம் காட்டுகிற கார்டுக்கான மென்பொருளை, அதைச் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்தார். மின்சாரத்தை மிச்சம் பிடி என்று இருந்த அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றினார். காவல் பெட்டி முழுக்கத் துழாவுகிற வேலையையும், புதுப்பிக்கிற வேலையையும் காலை நேரத்துக்குத் தள்ளினார்.

விளையாட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து பச்சைக் கோடு நகர்வதையும் கடிகாரம் நகர்வதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காவலை மறுபடி உள்ள விட்டுட்டீங்களே டீச்சர். திக்குமே. என் சோலி முடிஞ்சுது."

டீச்சர் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தார். சுட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"வீட்ல இது எங்க இருக்கு?"

"மாவு பிசையுற அறையில. மாவு பறக்கும்லா, அதனால நல்ல தடித் துணியா நாலா மடிச்சு, சுத்தி இறுக்கிக் கட்டிருவேன். மாவு உருண்டையக் காத்துப் படாம மூடி வைப்போம்லா, அது மாதிரி. கெட்டுப் போகாது."

"ஆடும்போது?"

"ஆடும்போதும்தான்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெரிய துவாலையை எடுத்து நாலாக மடித்தார்.

"மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கட்டுங்க."

"எதுக்கு?"

"கட்டுங்கண்ணே. கட்டிக்கிட்டு கீழ போய், ஓடி மேல வாங்க."

போட்டிக்கு நேரமாகிறது, இந்த அம்மா விளையாடுகிறாரே என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் கட்டினான். ஓடினான்.

திரும்பி வரும்போது கண் பிதுங்கியது. கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். துவாலையைப் பிய்த்து எறிந்து, காற்றை வாய் நிறைய அள்ளி அள்ளிக் குடித்தான்.

"ஏன் மெதுவா வந்தீங்க?"

"மூச்சு… மூச்சு முட்டுது டீச்சர்!"

"கீழ செக்யூரிட்டி அண்ணாச்சி இருந்தாரா?"

"இருந்தாரே. யாரு, எங்க போறன்னு கேட்டாரு. சொன்னேன், விட்டுட்டாரு."

"அவரை வேலையை விட்டுத் தூக்கிருவோமா?"

பேச்சிமுத்து குனிந்து துவாலையை எடுத்து மடித்தான்.

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை அவன் கையில் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்தான். ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணெய் ஆவியும் மைதாவும் கலந்து அடை அடையாகத் தட்டியிருந்தது. பேச்சிமுத்து பிரஷ்ஷை எடுத்தான்.

*

வீட்டுக்குப் போக நேரமில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆடினான்.

படம் நிற்கவில்லை. ஃபேன் நிம்மதியாகச் சுற்றியது. ஓரத்தில் காவலின் சின்ன அடையாளம் பச்சையாக இருந்தது. அவன் ஒரு முறை அதைப் பார்த்ததோடு சரி.

ஆனால் எதிரணியும் லேசுப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் சமமாகி, ஒரே ஒரு சுற்று மிச்சம் இருந்தது.

"மாமா!" காதில் ரிஸ்வான் கத்தினான். "அவனுவ எல்லாரும் கிழக்குச் சுவர்ல நிக்கானுவ. அஞ்சு பேரா விழுந்தா அமுக்கிரலாம். நம்ம கோட்டை வாசலை விட்டுட்டு வேகமா வாங்க!"

"நீங்க போங்கல. நான் இங்க நிக்கேன்."

"வாசல்ல ஈ காக்கா கிடையாது மாமா! உங்களாலதான் லேட்டாகுது. இன்னைக்குத் தோத்தா நீங்க வெளிய, சொல்லிட்டேன்!"

பேச்சிமுத்து மவுசை இறுக்கிப் பிடித்தான்.

நகரவில்லை.

நால்வரும் போய்விட்டார்கள். வாசல் வெறிச்சென்று கிடந்தது. தூரத்தில் சுடும் சத்தம். இங்கே ஒன்றும் இல்லை. நேரம் கரைந்தது. தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

தூணுக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது.

பேச்சிமுத்துவின் விரல் ஒரே ஒரு முறை அமுங்கியது.

நிழல் சாய்ந்தது. கோட்டை தப்பியது. கிழக்கில் ரிஸ்வானும் முடித்துவிட்டான். திரை முழுக்கப் பொன் நிறம்.

"மாமா" என்றான் ரிஸ்வான். குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தன் அந்த வழியா வருவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல."

"பின்ன?"

"அதான் நின்னேன்."