மவுஸின் வயிற்றில் ஒரு காது

அந்தக் காலத்தில் மவுஸுக்கு வால் இருந்தது. கீபோர்டுக்கும் இருந்தது. கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மொத்தக் குடும்பமும் வாலைப் பின்னிக்கொண்டு கிடக்கும். அந்த வால் வழியாகத்தான் அவை சாப்பிட்டன. வால் வழியாகத்தான் கம்ப்யூட்டர் பெட்டியிடம் பேசின. வாயைத் திறந்து மனிதர்களிடமும் பேசின. நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். அப்போது மேசை முன்னால் உட்கார்ந்த எல்லோரும் அவற்றோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது திட்டுவதோடு சரி.

விருதுநகரில் இன்பவல்லி வீட்டில் இருந்த மவுஸ் சரியான வாயாடி. இன்பவல்லி டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவள்; கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் ஒரு கை பார்த்தவள். காலையில் துணி உறையை எடுத்துவிட்டு அவள் உட்கார்ந்தால் போதும், "ஏன்க்கா இவ்வளவு நேரம்? கை ஏன் ஜில்லுனு இருக்கு?" என்று மவுஸ் ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் உருண்டையை எடுத்துத் துடைத்து, சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டிவிடுவாள். மவுஸ் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கும். அந்த அழுக்கைச் சுரண்டியவர்களுக்குத்தான் அந்த நாட்களின் அருமை தெரியும். எனக்குத் தெரியும்.

ஓர் ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கி இன்பவல்லி காலை முறித்துக்கொண்டாள். தொடை வரை மாவுக்கட்டு. ஹாலில் கட்டில். கால் அசங்கிவிடும், கட்டிலை இம்மிகூட நகர்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேசையை நகர்த்தலாம் என்றால் பிளக்கும் டெலிபோன் ஒயரும் அந்த மூலையில்தான். நடுவில் ஆறு முழம் இடைவெளி. மவுஸின் வாலோ மூன்று முழம்.

அந்த நேரம் பார்த்து, தோஹாவில் இருந்த அவள் தம்பி முத்துமாணிக்கத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல கூப்பிடுறேன்க்கா. ஹெட்போனைப் பாப்பா காதுகிட்ட வைக்கிறேன், நீ சொல்லு. ஞாயித்துக்கிழமை பத்தரைக்குள்ள முடிச்சிரணும்" என்று தம்பி போனில் சொன்னான். "அம்மா பேருதான்க்கா. செவ்வந்தி."

இன்பவல்லி போனை வைத்துவிட்டு அழுதாள். அம்மா போய் ஒரு வருடம். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டும் ஒரு வருடம் ஆகியிருந்தது.

குரலைப் பற்றிக் கவலை இல்லை. கட்டிலிலிருந்து பேசினால் மேசை மேல் இருக்கும் மைக்குக்குக் கேட்கும். வகுப்பு நடத்திய குரல். அழைப்பு வரும்போது திரையில் பச்சைப் பொத்தானை அமுக்குவது யார் என்பதுதான் கேள்வி. கணவர் சௌந்தரபாண்டியன் ரேஷன் கடையில் வேலை பார்த்தவர். கார்டில் முத்திரை குத்துகிற மாதிரிதான் மவுஸையும் குத்துவார். ஒத்திகை பார்த்த இரண்டு தடவையும் சிவப்பைக் குத்தி அழைப்பைத் துண்டித்தார்.

"நீங்க அதைத் தொடவே வேணாங்க" என்றாள் இன்பவல்லி.

"அப்ப யாரு தொடுறது?" என்றார் அவர், நியாயமாக.

சனிக்கிழமை மதியம் மவுஸ் பெட்டியிடம் கேட்டது: "நான் கட்டிலுக்குப் போகணும். வாலை விட்டுட்டுப் போனா என்ன?"

"சாப்பாட்டுக்கு என்ன செய்வ?" என்றது பெட்டி.

"கட்டிக்கிட்டுப் போறேன்."

சௌந்தரபாண்டியன் பெரிய மனது பண்ணி, டிவி ரிமோட்டிலிருந்த இரண்டு பென்சில் பேட்டரிகளையும் கழற்றி மவுஸின் வயிற்றில் வைத்தார்.

"சும்மா இருக்கிறப்ப தூங்கிரணும். இல்லைன்னா நாளைக்குப் பசியில கிடப்ப" என்ற பெட்டி, தன்னிடமிருந்து நகம் அளவு ஒரு காதைக் கழற்றி முகப்பில் செருகிக்கொண்டது. "காத்துல வர்ற பேச்சு இதுக்குக் கேக்கும். ஆனா ஒண்ணு. இது உன் பேச்சை மட்டுந்தான் கேக்கும். உன் பேச்சும் இதுக்கு மட்டுந்தான் கேக்கும். வேற யாருக்கும் கேக்காது."

"அக்காவுக்குமா?"

"அக்காவுக்குந்தான்."

மவுஸ் இன்பவல்லியின் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"வேணாம்டா" என்றாள் இன்பவல்லி. "நீ பேசாம நான் எப்படி இருப்பேன்?"

"அந்தப் பேரைச் சொல்லாம நீ எப்படிக்கா இருப்ப?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸ் தன் வாலைக் கடித்துத் துண்டித்தது. பிறகு அந்தக் காதில் தன் பெயரை மூன்று முறை சொன்னது. இன்பவல்லிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதன் அடிவயிற்றில் புதிதாக ஒரு பொத்தானும் சிவப்பு விளக்கும் முளைத்து, விளக்கு மூன்று முறை சிமிட்டியதை மட்டும் பார்த்தாள். வால் மேசைக்குப் பின்னால் தனியாகத் தொங்கியது.

ஞாயிறு காலை சௌந்தரபாண்டியன் குளித்து வேட்டி கட்டி, நல்ல காரியம் நடக்கப்போகிறதே என்று வீட்டையெல்லாம் துடைத்தார். ஆயுத பூஜைக்கு வைப்பது போல் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பத்து மணிக்கு அழைப்பு வந்தது. கட்டிலில் இன்பவல்லி மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்பு அசையவில்லை. தட்டினாள், உலுக்கினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. பத்தேகால் ஆகிவிட்டது.

"என்னங்க, பெட்டி முன்னாடி குட்டியா ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"அதுவா? பொட்டு வைக்க இடைஞ்சலா துருத்திக்கிட்டு நின்னுச்சு. பிடுங்கி..."

"பிடுங்கி?"

சட்டைப்பையைத் தடவினார். பையில் சில்லறை, மூக்குப்பொடி டப்பா. காது இல்லை. குனிந்து துடைத்தபோது விழுந்திருக்க வேண்டும். அறுபது வயதில் தரையில் தவழ்ந்து தேடினார். கடைசியில் துடைத்துப் போட்ட ஈரத்துணியின் மடிப்புக்குள் அது கிடைத்தது. வேட்டியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, பெட்டியில் செருகினார். இன்பவல்லி மவுஸைத் திருப்பி அதன் வயிற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எழுந்திருடா கண்ணு" என்றாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்பு அசைந்தது.

பத்து இருபத்தாறுக்கு மணி அடித்தது. பச்சையை அவளே அமுக்கினாள். திரையில் உள்ளங்கை அளவு முகம். முத்துமாணிக்கம் ஹெட்போனைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"செவ்வந்தி. செவ்வந்தி. செவ்வந்தி."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. சௌந்தரபாண்டியன் தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் இன்பவல்லி அந்தக் குட்டிக் காதைக் கழற்றி வாங்கினாள். மவுஸின் வயிற்றைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் அதைப் பத்திரமாக வைத்து மூடினாள். "இவரை நம்ப முடியாதுடா. உன் காது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, பதிலுக்குப் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அன்று முதல்தான் வாலில்லாத மவுஸ் தன் காதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே நம் வீட்டுக்கு வருகிறது, தொடாவிட்டால் தூங்கிப்போகிறது, பொத்தானை அழுத்திப் பிடித்தால் மூன்று முறை கண் சிமிட்டி, "வந்துட்டேன்க்கா" என்கிறது, நமக்குத்தான் கேட்பதில்லை.