மூட்டைக்காரன் போட்ட குஸ்தி

காலை நீட்டிக்கோ கண்ணு. தலைய அத்தை மடியில வெச்சுக்கோ. கண்ண மூடிக்கிட்டு "ம்" மட்டும் கொட்டு, போதும்.

ஒரு ஏரி இருந்துச்சாம். ஏரிக்கு மேற்கால மேலூரு, கிழக்கால கீழூரு. மழை கம்மியான வருஷத்துல ஏரித் தண்ணி ஒரு ஊருக்குத்தான் பத்தும். எந்த ஊருக்கு மதகைத் திறக்கறதுன்னு சண்டை வரும். அப்போ ரெண்டு ஊரும் சேந்து ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. ஊருக்கு ஒரு ஆளு குஸ்தி போடணும். எவன் எதிராளியத் தூக்கி மல்லாக்கப் போடறானோ அவன் ஊருக்குத் தண்ணி. பொழுது சாயற வரைக்கும் யாருமே விழலன்னா, போன தடவ ஜெயிச்ச ஊருக்கே தண்ணி.

"ம்."

தீர்ப்பு சொல்றவரு கொம்பையான்னு ஒரு பெரியவரு. கண்ணால பாத்துத் தீர்ப்பு சொன்னா, "நீ அவங்க பக்கம்"னு தோத்த ஊரு அவரத் திட்டும். அதனால அவரு, குஸ்தி நடக்கற கோதாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துப்பாரு. "தொம்"முன்னு சத்தம் கேட்டா கையத் தூக்குவாரு, அப்புறம் திரும்பி, கீழ கெடக்கறது யாருன்னு பாப்பாரு. சத்தம் கேக்கலன்னா யாரும் விழலன்னு அர்த்தம். சத்தம் நல்லா வரணும்னு மண்ணக் கெட்டியா அடிச்சு வெச்சிருப்பாங்க.

போன வருஷம் மேலூரு வீரணன், கீழூரு ஆளத் தூக்கிப் போட்டான். தொம்! அந்த ஆளுக்கு இடுப்பு போச்சு. இன்னும் கம்பு ஊனித்தான் நடக்கறான். அதனால இந்த வருஷம் கீழூர்ல யாருமே முன்வரல. கடைசியில நெல்லு மண்டியில மூட்டை தூக்கற குப்பமுத்தப் புடிச்சாங்க.

"எனக்குக் குஸ்தி தெரியாதுங்களே."

"நெல்லு மூட்டையத் தூக்கறே, ஒரு மனுசனத் தூக்க மாட்டியா? நாத்து காயுதுடா, போ!"

போனான். வீரணன் திடுதிடுதிடுன்னு ஓடி வந்தான். குப்பமுத்து குனிஞ்சு அவன இடுப்புல வாங்கி, வண்டியிலேந்து மூட்டைய எறக்கற மாதிரி எறக்கி வெச்சான். மெத்துன்னு! சத்தமே வரல. மூட்டையப் பொத்துன்னு போட்டா தையல் பிரிஞ்சு நெல்லு கொட்டிடும் இல்லியா? இருபது வருஷமா அந்தக் கை அப்படித்தான் பழகியிருக்கு.

"நடக்கட்டும்"னாரு கொம்பையா. வீரணன் எழுந்து நின்னான். மேலூருக்காரங்க சிரிச்சாங்க. "டேய், அவன் புள்ளையத் தொட்டில்ல போடறான்டா!"

அப்புறம் வீரணன் பின்னாலேந்து கழுத்தப் புடிச்சான். குப்பமுத்து அந்தக் கைய இழுத்து, ஆளத் தோளுக்கு மேல கொண்டாந்தான். விர்ர்ர்! கடைசியில சட்டுன்னு முட்டி போட்டான், வீரணன் பூ மாதிரி எறங்கினான்.

கீழூருக்காரங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. குப்பமுத்து பொண்டாட்டி பேச்சியே கத்தினா. "அது நெல்லு இல்லய்யா, கொட்டாது! போடு!"

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

பொழுது ஏரிக்கரைக்கு எறங்கிடுச்சு. குப்பமுத்து பல்லக் கடிச்சுக்கிட்டான். இந்தத் தடவ பொத்துன்னு விட்டுடணும். காலை வாரினான். வீரணன் அப்படியே பின்னால சாயறான், தலை மண்ணுக்குப் போகுது. குப்பமுத்து கைய விட்டான். விட்ட கை, அவனக் கேக்காமலே, வீரணன் பிடரிக்குக் கீழ போயிடுச்சு. சத்தம் வரல.

வீரணன் மல்லாக்கக் கெடந்தான். எழுந்து நின்னா போதும், தண்ணி மேலூருக்கு. "எழுந்திரு வீரணா! எழுந்திருடா!"ன்னு அவன் ஊரே கத்துது.

அவன் எழுந்திரிக்கல. போன வருஷத்துச் சத்தம் அவன் காதுல கேட்டுச்சு. ஊருக்கெல்லாம் கேட்டது மண்ணு சத்தம். கிட்ட நின்னவன் அவன், அவனுக்குத்தான் எலும்பு சத்தமும் கேட்டுச்சு. இப்போ அவன் தலைக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு கை இருக்கு, தோலு உரிஞ்சு போயி.

அப்போ வீரணன் என்ன பண்ணான் தெரியுமா? உள்ளங்கைய விரிச்சு, மண்ணுல ஓங்கி ஒண்ணு அடிச்சான்.

தொம்!

கொம்பையா கையத் தூக்கினாரு, திரும்பினாரு. கீழ கெடந்தது வீரணன்.

"பாவி, நீயே அடிச்சியேடா!"ன்னு மேலூரு கொதிச்சுது.

"விழுந்தது நாந்தானே"ன்னான். "மூணு தடவ விழுந்தேன்."

மதகத் திறந்தாங்க. சலசலசலன்னு தண்ணி எறங்கிப் போச்சு. கீழூரு நாத்து பொழைச்சுது. மேலூரு வயலு காஞ்சுது, வீரணன் வயலும் காஞ்சுது.

"அவன அடிச்சாங்களா, அத்தே?"

அடிக்கல. பேசாம இருந்தாங்க. தெருவுல அவன் நடந்து போனா கதவு மூடும். அன்னிக்கு வீட்டுக்குப் போனான், அம்மா கஞ்சி ஊத்தினா.

"நம்ம வயலு போச்சேடா."

"போச்சும்மா."

"கை வலிக்குதா?"

"கொஞ்சம்."

அம்மா அவனையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், "இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"ன்னா.

"ஊத்தும்மா."

குடிச்சான், கைய மடிச்சுத் தலைக்கு வெச்சான், தூங்கிப் போயிட்டான். ஒரு வருஷத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் அவனுக்கு நல்ல தூக்கம். அவன் தூங்கினதும் கதையும் படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு கண்ணு.