முந்நூறு விதிகளும் ஒரு வாழை இலையும்

வெகு காலத்துக்கு முன்னே, குன்றவாயில் நாட்டை மருதவேள் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் புதிதாக எதைக் கேட்டாலும் அதன் மேல் பைத்தியமாகிவிடுவார். போன வருஷம் புறா, அதற்கு முன் பல்லாங்குழி.

அவருக்கு ஆதிச்சனார் என்று ஒரு மந்திரி. அந்தப் பதவியின் மேல் சொக்கேசப் பண்டிதருக்கு நெடுநாளாகக் கண். ஒருநாள் பண்டிதர் ஒரு கட்டு ஓலையைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்தார். நன்றாக வாழ்வதற்கு முந்நூறு விதிகளாம். ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தரம் மெல்ல வேண்டும், ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் சிரிக்கக் கூடாது என்று வளர்ந்துகொண்டே போனது பட்டியல்.

ராஜா சொக்கிப் போனார். மறுநாளே தண்டோரா போட்டார்கள். விதியை மீறினால் யாராயிருந்தாலும் வேலை போய்விடும்.

அரண்மனை முழுக்கத் தாடைவலி. தளபதி இரண்டு சிரிப்பைக் காலையிலேயே செலவழித்துவிட்டு, மூன்றாவதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். பாவம், வாயிற்காவலன் கருத்தான்தான் மாட்டிக்கொண்டான். அவன் மகள் முதல் முதலாக எழுந்து நடந்து, நாலாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் நாலாம் முறை சிரித்துவிட்டான். வேலை போனது. வேலைக்காரருக்கு விட்ட வீடும் போனது.

கருத்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மந்திரியிடம் போய் நின்றான். மந்திரி அவனைத் தன் வீட்டில் தங்கச் சொல்லிவிட்டு, நேரே ராஜாவிடம் போனார். விதிகளை எழுதியவர் வீட்டிலேயே ஒரு வேளை விருந்து சாப்பிட்டு, நல்வாழ்வு எப்படி இருக்கிறதென்று பார்த்து வரலாமே என்றார். ராஜாவுக்கு ஒரே குதூகலம். விருந்தில் வயிறு நிறைய இடம் வேண்டுமென்று காலைப் பலகாரத்தைக்கூடத் தொடவில்லை.

பண்டிதரின் மனைவி உமையாள் கைதேர்ந்த சமையற்காரி. இலையில் கத்தரிக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, ஆவி பறக்கும் சோறு, சாம்பார், அப்பளம், தனிக் கிண்ணத்தில் பருப்புப் பாயசம். மந்திரியோடு பந்தியில் உட்கார்ந்த ராஜா கையை நீட்டினார்.

மந்திரி பணிவாகத் தடுத்தார். எழுபத்தேழாம் விதியின்படி, விருந்தாளி உண்ணும் முன் வீட்டுக்காரர் உண்ணக் கூடாது. இருநூற்று மூன்றாம் விதியின்படி, மூத்தவர் உண்ணும் முன் இளையவர் உண்ணக் கூடாது. விருந்தாளிகள் இருவருமே பண்டிதரைவிட இளையவர்கள். அப்படியானால் யார் முதலில் உண்பது?

பண்டிதர் ஓலையைப் புரட்டினார். இரண்டு விதியும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன.

சாம்பார் ஆறியது. அப்பளம் நமுத்தது. ராஜாவின் வயிறு போட்ட சத்தத்தில் கூரை மேல் இருந்த காக்கை பறந்தது. ராஜா பண்டிதரைச் சாப்பிடச் சொன்னார். தன் விதியைத் தானே மீறினால் மந்திரிப் பதவி கனவாகவே போய்விடுமே என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். மந்திரியைச் சாப்பிடச் சொன்னார். மந்திரி கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது உமையாள் ராஜாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பாயசக் கிண்ணத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"பசியில கண்ணு இருட்டுது உங்களுக்கு. முதல்ல இதைக் குடிங்க, மகாராஜா."

ராஜா ஒரே மூச்சில் குடித்தார். முப்பத்திரண்டு தரம் மெல்லவும் இல்லை. மீசையெல்லாம் பாயசம். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, விதியை மீறிவிட்டேனே! இப்போது என்ன செய்வது, மந்திரி?"

"கருத்தான் போன வாசல் வழியே நீங்களும் போக வேண்டியதுதான், மன்னா. அவன் குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். நீங்கள் பசிக்குக் குடித்தீர்கள்."

ராஜா மீசையைத் துடைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், புரையேறும்வரை சிரித்தார். முந்நூறு விதிகளும் ரத்தாயின. கருத்தானுக்கு வேலையும் வீடும் அன்றே திரும்பின. உமையாளுக்கு முத்துமாலை கிடைத்தது. ராஜா மந்திரியிடம், "உம்முடைய விதி எத்தனை?" என்று கேட்டார்.

"ஒன்றுதான் மன்னா. ஓலையைப் பார்க்குமுன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். இந்த அம்மாள் செய்ததும் அதுதான்."

பண்டிதர் தலையைத் தொங்கப் போட்டார். ராஜா அவரைத் துரத்தவில்லை. மறுநாள் அரண்மனைப் பந்தியில் அவரே பரிமாற வேண்டும், யார் போதும் என்றாலும் முகத்தைப் பார்த்து அது நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

முதல் வரிசையில் பண்டிதர் திணறித்தான் போனார். தளபதி இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, போதும் போதும் என்றார். பண்டிதர் குனிந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். தளபதியின் கண் பாயச வாளியை விட்டு அசையவில்லை. பண்டிதர் பேசாமல் அந்தக் கைகளின் மேலேயே ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றினார்.

தளபதி விரலை நக்கிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்" என்றார்.