பித்தளைக் குடம்

உப்பளத்துறையில் நல்ல தண்ணீர் என்று சொல்ல ஒரே ஒரு கிணறுதான் உண்டு. அது தவசியம்மையின் மடத்துக் கொல்லையில் இருந்தது. மற்றக் கிணறுகளில் இறைத்த தண்ணீரில் கஞ்சி வைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை.

ராஜாவுக்கும் தம்பிக்கும் பகை மூண்டு, தம்பி காட்டுக்கு ஓடிய வருஷம் அது. ராஜாவின் பக்கம் இருப்பவர்கள் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டாதவர்களுக்கு அரிசி விற்கக் கூடாது. அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால், ஊற்றிய கையை மணிக்கட்டோடு வாங்கிவிடுவார்கள்.

தவசியம்மை வழக்கம்போல வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள்.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. அதனால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்டில் பெரிய குற்றங்களை அதிகாரி விசாரித்தாலும், முடிவு சொல்வது ஊர்க்காரர்கள் பன்னிருவர். குடும்பம் நடத்துகிற எல்லோருடைய பெயரையும் ஓலை நறுக்கில் எழுதிக் கலைத்துப் பன்னிரண்டை எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டைப்பாக்கும் ஒரு கூழாங்கல்லும் கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் ஒரு மண்பானை இருக்கும். குற்றமில்லை என்றால் பாக்கைப் போட வேண்டும். குற்றம் என்றால் கல்லை. எது அதிகமோ அதுவே முடிவு. மிஞ்சியதை மூடிய கையோடு கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று கடலுக்குத்தான் தெரியும்.

இந்த முறை எடுத்த ஓலைகளில் ஒன்று மரகதத்தினுடையது.

மரகதம் தவசியம்மையின் சிஷ்யை. புருஷன் உப்புத் தோணியில் வடக்கே போயிருந்தான். வீட்டில் அவளும் ஏழு மாதப் பெண்குழந்தை சின்னுவும்தான். உத்தரவு வந்த அன்றே மரகதம் தன் கையில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு, குழந்தையின் கையிலும் ஒன்று கட்டிவிட்டாள். சின்னு அதை ஓயாமல் வாயில் வைத்துச் சப்பினாள். சாயம் இறங்கி ஈறெல்லாம் சிவந்திருந்தது.

ஓலை எடுத்த மறுநாள் காலையில் தலையாரி வீரபாகு வாசலில் வந்து நின்றான்.

"பாப்பாவுக்குப் பல் முளைக்குதோ?"

"ஆமா அண்ணே."

"பாத்துக்க. புருஷனும் ஊர்ல இல்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் வருவா?"

மரகதம் குழந்தையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவ மண்பானை இல்ல தாயி," என்றான் வீரபாகு, போகிற போக்கில் சொல்வதுபோல. "பித்தளைக் குடம். அரண்மனையிலேர்ந்து வந்திருக்கு. நல்லா வெளக்கி வெச்சிருக்கேன்."

அவன் போன பிறகும் மரகதம் வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அந்த வீட்டுக்காரிதான் மூன்று நாள் முன்னால் நெருப்பு வாங்க வந்து, மடத்தில் இன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனாள். சும்மாதான் கேட்டாளா?

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். தன் வீட்டுப் பித்தளைக் குடத்தை எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். ஒரு கூழாங்கல்லைப் போட்டாள்.

ணங்.

ஒரு பாக்கைப் போட்டாள்.

டொக்.

பாக்கை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு மெல்ல வைத்துப் பார்த்தாள். சுண்டி எறிந்து பார்த்தாள். எப்படிப் போட்டாலும் பாக்கு பாக்காகத்தான் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சின்னு கைகொட்டிச் சிரித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மரகதம் மடத்துக்குப் போனாள். வாசலில் ஒரு காவலாள் உட்கார்ந்திருந்தான். விசாரணை முடியும்வரை அம்மை படி தாண்டக் கூடாது. அம்மை கிணற்றடியில் அறுந்த வாளிக்கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"அம்மை, அந்தப் பன்னிரண்டு பேரை நம்பலாமா?"

"யார் யாருடி?"

மரகதம் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எண்ணெய்க்கடை மாசிலாமணியும் இருக்கார். ரெண்டு கையிலயும் கயிறு கட்டியிருக்கார்" என்றாள்.

"வலது கை என்ன பண்ணுதுன்னு இடது கைக்குத் தெரியணும்ல? அதான் ரெண்டுக்கும் கட்டியிருப்பார்."

"சிரிக்காதீங்க அம்மை. அவர் கொடுத்த வெளக்கெண்ணெய நீங்க கலப்படம்னு திருப்பி அனுப்புனீங்களே, அன்னைலேர்ந்து மடம்னாலே எரிஞ்சு விழறார். உங்க கையை வாங்கினா முதல் ஆளா வந்து வேடிக்கை பாப்பார்."

மாசிலாமணியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன் நிழல் கடையிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போகிறதா என்று திரும்பிப் பார்க்கிற ஆள். சந்தையில் பானை வாங்கினால் பத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுப் பதினொன்றாவதை வாங்குவார். வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு தரம் தட்டுவார்.

"குத்தம் சாட்டப்பட்டவங்க ஒருத்தரை விலக்கலாம்ல?" என்றாள் மரகதம். "காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அவரை விலக்கிருங்க அம்மை."

"ஒருத்தரை விலக்கலாம். நல்ல ஏற்பாடுதான்," என்று சொல்லிவிட்டு அம்மை முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

வீரபாகு வந்துபோனதை மரகதம் சொல்லவில்லை. காவலாளின் காது எங்கே இருக்கிறதோ. அதுவும் இல்லாமல், சொன்னால் அம்மை தன் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் என்ன தெரியுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

விசாரணை உப்புக் கிடங்கின் முற்றத்தில் நடந்தது. பன்னிருவரும் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மரகதம் சின்னுவை மடியில் போட்டுக்கொண்டு நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். திரை காற்றில் விலகும்போதெல்லாம் பின்னால் பித்தளைக் குடம் பளிச்சென்று தெரிந்தது. வீரபாகு திரையை ஒட்டினாற்போல நின்றான். எல்லோரும் குடத்தைப் பார்த்தார்கள். 

"வீண் பேச்சு வேண்டாம், கேட்டதுக்குப் பதில் சொன்னால் போதும்," என்று ஆரம்பித்தார் அதிகாரி. "கயிறு கட்டாதவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாயா?"

"வந்தவங்களுக்கு ஊத்தினேன்."

"அவர்கள் கையில் கயிறு இருந்ததா?"

"தெரியாது. நான் யார் கையையும் பாக்கறதில்லை."

"உன் கையில் எங்கே?"

"தலையாரி கட்டிவிட்டார். தண்ணி எறைக்கிற கை ஐயா. வாளிக்கயிறு ஒரசி நாலாம் நாளே அறுந்து கெணத்துல விழுந்திருச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே சிரிப்பு அடங்கியது. யார் சிரித்தது என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சட்டம் தெரியும். தெரிந்தே செய்திருக்கிறாய்," என்றார் அதிகாரி. "சரி. பன்னிருவரில் ஒருவரை விலக்க உனக்கு உரிமை உண்டு. யாரை விலக்குகிறாய்?"

அம்மை வரிசையை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மாசிலாமணி தோளில் துண்டைச் சரிசெய்து, எழுந்து போகத் தயாராகிவிட்டார்.

"மரகதத்தை விலக்கறேன்," என்றாள் அம்மை.

"யாரை?"

"நாலாவதா உக்காந்திருக்காளே, கைக்குழந்தையோட. அவளை."

கூட்டம் சலசலத்தது. "சொந்தச் சிஷ்யையவே நம்பல பாரு," என்றது ஒரு குரல். "அப்ப காட்டிக்கொடுத்தது அவதானோ என்னவோ," என்றது இன்னொன்று.

மரகதம் எழுந்தாள். காது மடல் கொதித்தது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஒட்டிக்கொள்ளக் கூடாத எதையோ கண்டதுபோல விலகி விலகி வழிவிட்டது. ஓரமாகப் போய் நின்ற பிறகுதான், தனக்குள்ளே இன்னொன்றும் இருப்பது தெரிந்தது. மூச்சு லேசாக வந்தது. இனி அந்தக் குடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். அப்படி நினைத்ததும் முன்னைவிட அதிகமாக வெட்கினாள்.

அவள் இடத்துக்கு ஒரு வலைக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பாக்கும் கல்லும் கொடுத்தாயிற்று. முதல் ஆளாக மாசிலாமணியைக் கூப்பிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் போனவர் வெளியே வரவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். குடம் ணங்கென்று அதிர்ந்து வெகுநேரம் ஓயாமல் முனகியது.

"இது என்னய்யா இது?" என்று மாசிலாமணி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "மண்பானை எங்க?"

"அரண்மனைக் குடம் அண்ணாச்சி," என்றான் வீரபாகு. "சத்தம் போடாம போட்டுட்டு வாங்க."

"சத்தம் போடாமப் போடற மாதிரி குடமாய்யா இது? ஊருக்கே கேக்கும் போல இருக்கே. ராஜா சட்டத்துல என்ன இருக்கு? மண்பானைன்னு இருக்கு. எங்க அப்பாவும் மண்பானையிலதான் போட்டார்."

"அரண்மனையிலேர்ந்து..."

"அரண்மனையில யாரு? பேரைச் சொல்லு. ராஜாவா கொடுத்தனுப்புனார்? ராஜா போட்ட சட்டத்தை ராஜாவே மாத்துவாரா? அவர் பேரைச் சொல்லி எவனோ விளையாடியிருக்கான். நான் ராஜாவோட ஆளுய்யா. ரெண்டு கையையும் பாரு!" மாசிலாமணி இரண்டு மணிக்கட்டையும் தூக்கிக் காட்டினார். "யார் மாத்துனது? தம்பி பக்கத்து ஆளா? சொல்லு, அரண்மனைக்கு எழுதிப் போடறேன்."

வீரபாகு அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி குடத்தைப் பார்த்தார். கேள்வி கேட்டவர் கையில் கயிறு இல்லாமல் இருந்திருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும்.

"மண்பானை கொண்டு வா," என்றார் அதிகாரி.

"கண்ட எடத்துலேர்ந்து வேண்டாம். என் கடையிலேர்ந்து கொண்டு வரட்டும். மத்தவன் பானையில என்ன இருக்குமோ. அடியில ரெண்டு கை உமியும் போடச் சொல்லுங்க." மாசிலாமணி பன்னிருவரின் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நான் என்ன போடறேன்னு இவனுகளுக்கு எதுக்குத் தெரியணும்? எனக்கு இங்க ஒருத்தன் மேலயும் நம்பிக்கை இல்ல."

பானை வந்தது. தட்டிப் பார்த்தார். உமி வந்தது. மோந்து பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். ஒரு சத்தமும் இல்லை. மூடிய கைகளோடு கடற்கரைக்குப் போய் எறிந்துவிட்டு வந்தார்கள்.

பானையைக் கவிழ்த்தபோது உமிக்குள்ளிருந்து கற்களும் வந்தன. பாக்குகள் அதிகமாக வந்தன.

அன்று சாயங்காலமே அம்மை கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கற்களில் ஒன்று மாசிலாமணியுடையதா என்று ஊர் பல நாள் பேசியது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மையும் கேட்கவில்லை. எண்ணெய்த் தகராறு மட்டும் தீரவே இல்லை.

மரகதம் ஒரு வாரம் மடத்துப் பக்கம் போகவில்லை. தெருவில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒரு நாள் நண்பகலில், சின்னுவைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டே மடத்துக்குப் போனாள்.

"என் மேல நம்பிக்கை இல்லையா அம்மை?"

அம்மை வாளியை இறக்கி வைத்தாள்.

"மாசிலாமணிக்கு என் மேல சந்தேகம் உண்டு. உனக்கு?"

"நான் உங்களை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல."

"அதனாலதான். விசாரிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டவ அந்தப் பாயில உக்காரக் கூடாது."

மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... தலையாரி என் வீட்டுக்கு வந்தது தெரிஞ்சு என்னை விலக்கலையா?"

"வந்தானா?" என்றாள் அம்மை.

மரகதம் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் பல்லைப் பற்றி அவன் கேட்டதைச் சொன்னாள். வீட்டுக் குடத்தில் கல்லும் பாக்கும் போட்டுப் பார்த்ததைச் சொன்னாள். விலக்கியபோது மூச்சு லேசானதையும் சொன்னாள்.

"அங்க உக்காந்திருந்தா எதைப் போட்டிருப்பேன்னு எனக்கே தெரியல அம்மை."

அம்மை எழுந்து உள்ளே போனாள். ஒரு மண்பானையோடு வந்தாள். அடியில் இரண்டு கை உமி போட்டாள். மரகதத்தின் உள்ளங்கையில் ஒரு பாக்கையும் ஒரு கல்லையும் வைத்தாள். சின்னுவை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இப்பப் போடு."

மரகதம் பானைக்குள் கையை விட்டாள். தெருவில் யாரோ செருப்புச் சத்தத்தோடு நடந்து போனார்கள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தாள். கை பானைக்குள்ளேயே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். உமி லேசாக நெகிழ்ந்தது.

கையை வெளியே எடுத்தாள். மிஞ்சியது விரல்களுக்குள் இருந்தது. அதை அம்மையிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டி, விரல்களை மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.

அம்மை முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கடல் அந்தப் பக்கம் இருக்கு மரகதம். நான் யார் கையையும் பாக்கறதில்லை."